ஒலி யாருக்குரியது? பகிர்வுக் கணினியும் நிரந்தரச் சாவியும்

பொதுவில் வைத்து நுகரப்படும் பொருள் எதுவாயினும், அதன் பயன் எல்லோருக்கும் சென்று சேர்வது பொருளின் அளவைப் பொறுத்தது போலவே அதனைப் பங்கிடும் ஒழுங்கையும் பொறுத்ததாகும். மலையகத் தோட்டங்களின் பீலிக்கரையைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். பல குடும்பங்களுக்கு ஒரு பீலி. அங்கே குடங்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன, முறை வந்தவர் நீர் பிடிக்கிறார், பிடித்ததும் விலகுகிறார். நீர் குறைவு என்ற காரணத்தைக் காட்டி ஒருவர் தம் குடத்தைப் பீலியின் கீழேயே விட்டுச் சென்றால், அது சாமர்த்தியம் எனக் கொள்ளப்படுவதில்லை. அடாத்து என்றே கொள்ளப்படும். ஆனால், பல பேர் பகிரும் கணினியில் இதே அடாத்து நிகழும்போது அதற்குத் 'தீர்வு' என்று பெயர் சூட்டப்படுகின்றது. அந்தப் பெயர் பொய்யானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் அமைந்த புசல்லாவை, இலங்கைத் தேயிலையின் வரலாற்றில் முற்பட்ட இடம் பெற்ற ஊராகும். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் தேயிலையை வணிகப் பயிராக்குவதற்கு முன்னரே, 1841 இல் மொறிஸ் டி வேர்ம்ஸ் இங்குள்ள றொத்சைல்ட் தோட்டத்திற் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்தார். அத்தகைய பழைமை வாய்ந்த தோட்டப்புறத்திற்குக் கணினி வந்து சேர்ந்ததோ எல்லோருக்கும் பிந்தியே. நகரம், கிராமம், பெருந்தோட்டம் என நாட்டை மூன்றாக வகுத்துத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் கணினி எழுத்தறிவு ஆய்வுகளிற் பெருந்தோட்டத் துறையே கடைசி இடத்தில் நின்று வந்துள்ளது. ஆகவே, அங்கு ஒரு வீட்டிற் கணினி இருக்குமாயின் அது ஒருவருடைய கணினியாக இருப்பது அரிது. வீட்டினுடைய கணினியாகவே இருக்கும். சில வேளைகளில் அது லயத்தினுடைய கணினியாகவும் ஆகிவிடும்.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டு, கற்பித்தல் இணையத்துக்கு மாறியபோது இந்தப் பகிர்வு ஒரு நெருக்கடியாக உருவெடுத்தது. உரிமக் கட்டணம் அற்றது, பழைய கணினியிலும் இயங்கக்கூடியது என்ற இரு காரணங்களால் லினக்ஸ் இயங்குதளம் இத்தகைய வீடுகளுக்குப் பொருத்தமானது. அவ்வாறு லினக்ஸ் நிறுவப்பட்ட ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். அக்கா தன் பெயரில் உள்நுழைந்து இணைய வகுப்பில் அமர்ந்திருக்கிறாள். இடைவேளையில் அமர்வை மூடாமலே எழுந்து செல்கிறாள். தம்பி தன் பெயரில் இன்னோர் அமர்வைத் திறக்கிறான். திரையில் ஆசிரியர் பேசுகிறார். ஒலி மட்டும் இல்லை. ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால், ஒலிபெருக்கியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று காணப்படுகின்றது. அதாவது, ஒலி எங்கும் செல்லாத ஒரு பொய் வாயில் அவனுக்குக் காட்டப்படுகின்றது.

இந்த நிலையில் மூன்று குரல்கள் எழுகின்றன. 'லினக்ஸே பழுது, எங்கேனும் படியெடுத்த விண்டோஸைப் போடுங்கள்' என்பது முதலாவது. 'எல்லோரையும் ஓடியோ குழுவிற் சேர்த்துவிடுங்கள்' என்பது இரண்டாவது. 'ஒரு கணினிக்கு ஒருவர் என்பதே முறை. ஆளுக்கொன்று வாங்குங்கள்' என்பது மூன்றாவது. முதலாவது அறியாமை, மூன்றாவது வசதி படைத்தவரின் அறிவுரை. இரண்டாவதே அறிவின் வேடத்தில் வருவது. ஆதலால் அதுவே அதிகம் ஆராயப்பட வேண்டியது.

முரண்பாட்டின் தோற்றுவாய்

லினக்ஸின் மூதாதையான யுனிக்ஸ் 1969 இல் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தபோது, பலர் ஒரு கணினியைப் பகிர்வது என்பதே அதன் உயிர்க்கொள்கையாக இருந்தது. செயலியின் நேரமும் நினைவகமும் வட்டின் இடமும் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பதற்கு அது விதிகளை வகுத்தது. ஆனால், அன்றைய பாவனையாளர்கள் தொலைத்தட்டச்சுப் பொறிகளின் முன்னே அமர்ந்தவர்கள். அவர்களுடைய கணினி பாடவுமில்லை, பேசவுமில்லை. ஆகையால், 'ஒலி யாருக்குரியது?' என்ற வினா அந்த விதிகளுள் இடம்பெறவில்லை. பின்னர் ஒலியட்டை வந்தபோது அது தனிமனிதக் கணினியின் உறுப்பாகவே வந்தது. தொடக்க கால லினக்ஸில் வழங்கிய ஒலி முறைமையில், ஒரு நிரல் ஒலிக்கருவியைத் திறந்துவிட்டால் மற்றொரு நிரல் வாசலிற் காத்திருக்க வேண்டியிருந்தது. 1998 இல் யரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய அல்சா என்னும் திட்டம் 2003 இல் வெளிவந்த 2.6 ஆம் கருவோடு நிலைபெற்றது. ஒரே பாவனையாளரின் பல நிரல்களை மென்பொருளாற் கலந்து ஒலிக்கச்செய்யும் வழியை அது தந்தது. எனினும் அந்தக் கலவையில் அடுத்த பாவனையாளருக்கு இயல்பாக இடமளிக்கப்படவில்லை.

2004 இல் லெனார்ட் போட்டரிங் தொடங்கிய பல்ஸ் ஓடியோ, ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஓர் ஒலிப் பரிமாறியை வழங்கியது. பெடோரா 2007 இலும் உபுண்டு 2008 இலும் அதனை ஏற்றன. அண்மைக் காலத்தில் விம் டேய்மன்ஸின் பைப்வயர் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றது. பெடோரா 2021 இலும் உபுண்டு 2022 இலும் அதற்கு மாறின. பெயர்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: ஆளுக்கொரு பரிமாறி, எல்லோருக்குமாக ஒரே ஒலியட்டை. ஓர் உறையில் இரண்டு வாள் நில்லாது என்பது ஈண்டும் பொருந்தும். இரு பரிமாறிகள் ஒரே ஒலியட்டையைப் பற்ற முயலுமிடத்து, முதலிற் பற்றியதே வெல்லும். மற்றதற்கு 'கருவி வேலையாக உள்ளது' என்ற பதிலே கிட்டும்.

இம்முரண்பாட்டைத் தீர்க்க ஓர் ஒழுங்கு ஏற்கெனவே உண்டு என்பதுதான் கவனிக்கத்தக்கது. இன்றைய லினக்ஸில் அமர்வுகளை மேற்பார்வை செய்யும் 'லாகின்டி' என்னும் பகுதி, ஒரு திரையும் ஒரு விசைப்பலகையும் அவற்றோடு சேர்ந்த ஒலியட்டையும் கொண்ட தொகுதியை ஓர் 'இருக்கை' எனக் கொள்கின்றது. ஓர் இருக்கையிற் பல அமர்வுகள் திறந்திருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றே செயலில் இருக்கும். செயலில் உள்ள அமர்வின் பாவனையாளருக்கு ஒலிக்கருவியைத் திறக்கும் அனுமதி தற்காலிகமாக எழுதிக் கொடுக்கப்படுகின்றது. அமர்வு மாறியதும் அந்த அனுமதி முன்னவரிடமிருந்து நீக்கப்பட்டுப் பின்னவருக்கு எழுதப்படுகின்றது. முன்னவரின் ஒலிப் பரிமாறி, தன் அனுமதி போனதைக் கண்டு, கருவியைக் கைவிட்டு விலகுகின்றது. பீலிக்கரையின் நியதி இதுவன்றி வேறென்ன? முறை வந்தவர் பிடிக்கிறார். முறை முடிந்தவர் விலகுகிறார்.

மருந்தே நோயாதல்

இனி, ஓடியோ குழுவின் கதைக்கு வருவோம். ஒலிக்கருவிகள் யாவும் 'ஓடியோ' என்னும் பெயருடைய குழுவுக்கு உரிமையாக்கப்பட்டுள்ளன. அந்தக் குழுவிற் சேர்க்கப்பட்ட எவரும், திரையின் முன் அமர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்நேரமும் ஒலிக்கருவியைத் திறக்கலாம். முறை மாறும்போது கைமாறும் சாவி ஒருபுறமிருக்க, இது ஒவ்வொருவர் மடியிலும் நிரந்தரமாக இருக்கும் இன்னொரு சாவியாகும்.

இந்த நிரந்தரச் சாவியின் விளைவு என்ன? அக்கா குழுவில் இருக்கிறாள் எனக் கொள்வோம். தம்பி உள்நுழைந்ததும் லாகின்டி அவளுடைய தற்காலிக அனுமதியை நீக்குகின்றது. அவளுடைய ஒலிப் பரிமாறி வாசலைச் சோதித்துப் பார்க்கின்றது. குழுவின் சாவியால் வாசல் இன்னும் திறந்தே இருப்பதால் விலக வேண்டிய காரணம் எதுவும் அதற்குத் தென்படுவதில்லை. ஒலி எதுவும் ஓடாதிருந்தால், சில விநாடிகளில் அது கருவியைத் தானாகவே விட்டுவிடும். ஆனால், இணைய வகுப்பின் சாளரம் திறந்த நிலையில் ஒலியோட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்குமாயின் அது விடாது. தம்பிக்குப் பொய் வாயில்தான் மிஞ்சும். அப்போது அயலிலுள்ள 'கணினி தெரிந்தவர்' வந்து, தம்பியையும் அதே குழுவிற் சேர்க்கிறார். அன்று எவரும் கருவியைப் பற்றியிராத காரணத்தால் ஒலி கேட்கின்றது. நோய் தீர்ந்தது என்று அவர் சென்றுவிடுகிறார். அடுத்த நாள் தம்பியின் அமர்வு கருவியைப் பிடித்துக்கொள்ள, அக்கா ஊமை வகுப்பின் முன்னே அமர்ந்திருக்கிறாள். முன்னர் ஒருவரிடம் இருந்த அடாத்து இப்போது இருவரிடமும் இருக்கின்றது. மருந்தென்று கொடுக்கப்பட்டதே நோயாகும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காட்டுதல் அரிது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. டெபியனை நிறுவும் நிரல், நிறுவுகையின்போது உருவாக்கப்படும் முதலாவது பாவனையாளரை இயல்பாகவே ஓடியோ குழுவிற் சேர்த்துவிடுகின்றது. பின்னர் வருபவர்களை அவ்வாறு சேர்ப்பதில்லை. ஒரு வீட்டில் முதலாவது பெயர் யாருடையதாக இருக்கும்? தகப்பனுடையதாகவோ மூத்த ஆண் பிள்ளையுடையதாகவோ இருப்பதே வழமை. கடைசியாகச் சேர்க்கப்படும் பெயர் பெரும்பாலும் ஒரு பெண் பிள்ளையுடையது. நிரலாளர் எவரும் ஆணாதிக்கத்தைக் கருதி இதனைச் செய்தார் என்று கூறுவது நியாயமாகாது. தனியொருவரின் கணினியையே அவர்கள் மனத்திற் கொண்டிருந்தனர். ஆனால், சமுதாயத்தில் ஏற்கெனவே மேடு பள்ளம் இருக்கும்போது, நடுநிலையாக ஊற்றப்பட்ட நீரும் பள்ளத்தை நோக்கியே ஓடும். தொழில்நுட்பத்தின் இயல்புநிலை ஒவ்வொன்றும் ஒரு சமுதாயத் தீர்மானமாக மாறுவது இவ்வழியிலேயே ஆகும்.

வாயைக் கேட்டவருக்குச் செவியும்

இதுவரை கூறியது ஒலி கேளாமை என்னும் சங்கடம் பற்றியது. அதனினும் பாரதூரமானது ஒன்று உண்டு. ஓடியோ குழுவின் சாவி ஒலிபெருக்கியை மட்டும் திறப்பதில்லை, ஒலிவாங்கியையும் திறக்கின்றது. லினக்ஸில் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே உரிமையின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே, குழுவில் உள்ள ஒருவர் தம் அமர்வைப் பின்னணியில் விட்டுச் சென்றாலும், வலையமைப்பின் வழியே தொலைவிலிருந்து உள்நுழைந்தாலும், அந்த நேரத்தில் கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் பேச்சைப் பதிவு செய்தல் இயலும். ஒரு மாணவி தன் தோழியோடு பேசுவதும், ஒரு தாய் வெளிநாட்டில் உழைக்கும் கணவனோடு பேசுவதும், ஒரு தொழிலாளி தன் சம்பளப் பிரச்சினையைத் தொழிற்சங்கத்தாரோடு பேசுவதும் அந்த ஒலிவாங்கியின் முன்னேதான். ஒலி வேண்டும் என்று கேட்டவரிடம், அவரை அறியாமலே அயலாரின் செவியையும் கொடுத்துவிட்டுப் போவது எந்த வகையில் உதவியாகும்?

முழுக் கணினிக்கும் ஒரே ஒலிப் பரிமாறியை நடத்தலாம் என்ற மாற்று வழியும் இதே குறையை உடையது. அதனோடு இணையும் உரிமை பெற்றவர், பிறருடைய ஒலியோட்டத்தை ஒட்டுக்கேட்கவும் கூடும். அதனாலேயே பல்ஸ் ஓடியோவின் ஆவணங்கள், சாதாரண மேசைக் கணினிகளுக்கு அம்முறையை விலக்குகின்றன. பாவனையாளர்களை ஓடியோ குழுவிற் சேர்ப்பதையும் அவை ஏற்பதில்லை. ஆக்கியோரே வேண்டாம் என்று எழுதி வைத்ததை, நம்மவர்கள் கைவைத்தியமாகக் கொண்டாடுவது விந்தையே.

எதிர்வாதங்கள்

'பின்னணியில் ஒலி தொடர வேண்டிய தேவையே இல்லையா?' என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. தகப்பனார் பாட்டொன்றை ஓடவிட்டிருக்க, மகள் தன் பெயரில் உள்நுழைந்து கட்டுரை எழுத விரும்பலாம். இருவரும் உடன்பட்டால் அதிலே தவறில்லை. இன்றைய ஒழுங்கு அந்த உடன்பாட்டுக்கு எளிய வழியை வைக்கவில்லை என்பது உண்மையான குறையேயாகும். வடிவமைத்தோர் அக்குறைக்குப் பதில் கூறியே ஆக வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் வேறுவேறான அனுமதியை வகுக்கும் ஆற்றல் பைப்வயருக்கு உண்டாதலால், ஒலிபெருக்கியைப் பகிர்ந்து ஒலிவாங்கியைக் காக்கும் ஓர் ஒழுங்கை அதன் மீது கட்டியெழுப்புதல் இயலாததன்று. ஆனால், உடன்பாட்டுக்கு வழியில்லை என்பது அடாத்துக்கு நியாயமாகாது.

'இது வெறும் ஒலி. இதற்கு இத்தனை ஆரவாரமா?' என்போரும் உளர். அவர்கள் பார்வையற்ற ஒரு மாணவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர்க்கா என்னும் திரைவாசிப்பான் திரையில் உள்ளதை அவருக்கு வாசித்துக் காட்டுகின்றது. ஈஸ்பீக் போன்ற பேச்சொலி நிரல்கள் தமிழையும் பேசுகின்றன. இவை யாவும் அவருடைய அமர்வின் ஒலிப் பரிமாறியை நம்பியே இயங்குகின்றன. முன்னே அமர்ந்து சென்றவரின் அமர்வு ஒலிக்கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தால், பார்வையுள்ளவருக்கு ஒலி போகின்றது. பார்வையற்றவருக்கோ கணினியே போய்விடுகின்றது. பழுது எதுவென்று தேடுவதற்கும் அவருக்கு அந்த ஒலியே தேவை.

'ஆளுக்கொரு கணினி' என்னும் மூன்றாவது குரலுக்கு வரலாறே விடை தந்துள்ளது. பிரேசில் நாட்டுப் பாடசாலைகளுக்காக, ஒரு கணினியிற் பல திரைகளும் விசைப்பலகைகளும் பொருத்தி, லினக்ஸின் துணையோடு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளை அமைக்கும் திட்டம் 2009 இல் அறிவிக்கப்பட்டது. இலங்கையிலும் 2000களின் நடுப்பகுதியில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நெனசல நிலையங்களை நாடெங்கும் தொடங்கியது. அத்திட்டம் 2014 இல் கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதையும் பெற்றது. பகிர்வு என்பது வறியவரின் தற்காலிகத் துன்பம் என்று ஒதுக்கப்பட்டிருந்தால் இத்தகைய முயற்சிகள் தோன்றியிரா. பகிர்வைக் கணினியின் முறையான வாழ்க்கையாகவே ஏற்று, அதற்கேற்ற ஒழுங்கை அமைத்தலே அறிவுடைமை.

செய்ய வேண்டியன

பழுதை ஆராய்வோர் முதலில் வினவ வேண்டியவை நான்கு. கணினியில் இப்போது எத்தனை அமர்வுகள் திறந்துள்ளன? அவற்றுள் செயலில் இருப்பது எது? ஒலிக்கருவியை எவருடைய நிரல் பற்றியிருக்கின்றது? ஓடியோ குழுவில் எவர் எவர் உளர்? நான்குக்கும் விடை தரும் கட்டளைகள் லினக்ஸில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேற்படாதது. விடை கண்டபின் செய்ய வேண்டியதும் எளிதே. குழுவிலிருந்து எல்லோரையும், முதலாவது பாவனையாளர் உட்பட, நீக்கிவிட்டுக் கணினியை மீளத் தொடங்க வேண்டும். முறை முடிந்தவர் அமர்வை விட்டு வெளியேறும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டிய இடத்தில், இரண்டாவது திரையும் விசைப்பலகையும் வைக்கும்போதே, விலை குறைந்த யூஎஸ்பி ஒலியட்டை ஒன்றையும் சேர்த்து, அதனை இரண்டாவது இருக்கைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு இருக்கைக்கும் அதனதன் வாயும் செவியும் கிடைக்கும். ஒருவரது ஒலியில் மற்றவர் தலையிட வேண்டியிராது.

இவ்வளவு எளிய உண்மைகள் புசல்லாவையில் உள்ள ஒரு வீட்டை ஏன் சென்றடையவில்லை? அவை தமிழில் எழுதப்பட்டிருப்பது அரிது என்பதே முதற்காரணம். ஆங்கிலத்தில் நூறு பேர் நூறு விதமாகக் கூறியவற்றுள், மிகக் குறுகியதும் மிகத் தவறானதுமான ஒரு வரியே வாய்வழியாக மலையேறி வருகின்றது. அந்த வரிதான் குழுவிற் சேர்க்கும் கட்டளை. அதன் காரணமும் விளைவும் அடிவாரத்திலேயே தங்கிவிடுகின்றன. கலைப்பீடத்தார் இதனை விஞ்ஞான பீடத்தாரின் வேலை என்று ஒதுக்குகின்றனர். விஞ்ஞான பீடத்தார் இதனை மொழியாக்கம் என்று ஒதுக்குகின்றனர். இடையிலே உரிமை பற்றிய ஒரு வினா நாதியற்று நிற்கின்றது. தமிழ்ச் சங்கங்கள் கலைச்சொல் ஆக்கத்தோடு தம் பணி முடிந்ததாகக் கருதலாகாது. 'செஷன்' என்பதற்கு 'அமர்வு' என்று சொல் படைத்துவிட்டால் மட்டும் போதாது. அந்த அமர்வில் எவர் பேசலாம், எவர் கேட்கலாம் என்ற விதியையும் தமிழில் விளங்க எழுதுதல் வேண்டும்.

தோட்டத்தில் ஒலி என்பது நெடுங்காலம் மேலிருந்து வந்த ஒன்றாகவே இருந்தது. விடியற்காலையிற் பெரட்டுக்கு அழைத்த தப்பொலியைக் கேட்பது தொழிலாளியின் கடமை. அதனை எழுப்புவிக்கும் உரிமை வேறொருவருடையது. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைகளின் மேசை மேல் இன்று ஒரு கணினி இருக்கின்றது. அதிலே கேட்பதற்கும் பேசுவதற்கும் அவர்களுக்குச் சம உரிமை தரும் ஓர் ஒழுங்கும் இருக்கின்றது. அவசரத்தாலும் அரைகுறை அறிவாலும் அந்த ஒழுங்கை உடைத்துவிட்டு, முதலில் வந்தவருக்கே ஒலி என்ற பழைய நீதியை மீண்டும் குடியேற்றுவது முன்னேற்றமாகாது. நிரந்தரச் சாவிகள் திருப்பி வாங்கப்பட வேண்டும். முறை மாறும்போது கைமாறும் சாவி ஒன்றே போதும்.